விருந்து நாளில் உணவுக் கணக்கு: எழுதுவதா, விடுவதா?

எடையைக் குறைப்பதற்காக ஆறு நாட்கள் அளந்து சாப்பிட்டுவிட்டு ஏழாவது நாளைச் 'சீட் டே' என்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள உடற்பயிற்சிக்கூடங்களில் இப்போது சாதாரணப் பேச்சாகிவிட்டது. அன்றைக்குக் கட்டுப்பாடு கிடையாது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு உண்டு. அன்று சாப்பிட்டதை எழுதி வைக்க வேண்டுமா என்று கேட்டால் மட்டும் பேச்சு இரண்டுபடுகிறது. எழுதினால் அது விடுமுறையே ஆகாது என்று ஒரு சாராரும், எழுதாவிட்டால் ஆறு நாள் பட்ட பாடு எங்கே போயிற்று என்றே தெரியாது என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். தக்கலையில் மேசை வேலை பார்த்துக்கொண்டு, நாற்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு எடையோடு மல்லுக்கட்டத் தொடங்கிய நான், இந்த இரண்டு வழிகளையும் இவற்றுக்கு நடுவிலுள்ள வேறு இரண்டையும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மாறி மாறிக் கடைப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தையும் நான் படித்தவற்றையும் சேர்த்து வைத்து ஒப்பிடுவதே இக்கட்டுரை. சீட் டே என்பதை இனி விலக்கு நாள் என்றே எழுதுகிறேன்.

கணக்கு ஏன் பொருட்படுத்தத் தக்கது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரியும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1,660 கலோரியும் தேவைப்படுகின்றன. அந்த ஆண் தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் ஆறு நாளில் 3,000 கலோரி மிச்சமாகும். ஏழாம் நாள் அவர் 3,600 கலோரி சாப்பிட்டால் மிச்சத்தில் பாதி போய்விடும். 5,100-ஐத் தொட்டுவிட்டால் வாரம் முழுவதும் வீண். பெண்ணின் நிலைமை இதைவிட நெருக்கடியானது. அவருடைய தேவையே குறைவு என்பதால் தினமும் 300 கலோரிக்கு மேல் குறைப்பது கடினம். ஆறு நாளில் 1,800 சேர்த்து வைத்திருப்பார். ஒரே நாளில் 3,000 கலோரி சாப்பிட்டால் அதில் முக்கால் பங்கு கரைந்துவிடுகிறது. ஒரே பந்தியில் அருகருகே அமர்ந்து ஒரே அளவு சாப்பிட்டு எழும் கணவனுக்கும் மனைவிக்கும் அந்த இலையின் விலை ஒன்றாக இருப்பதில்லை. 'அவர் மட்டும் இளைக்கிறார், நான் ஏன் இளைக்கவில்லை' என்று வீட்டில் எழும் வழக்குக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி முதல் வழியாகிய, ஒன்றுமே எழுதாமல் விட்டுவிடுவதை எடுத்துக்கொள்வோம். இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. நோன்பும் விரதமும் பழகிய ஊர் நம்முடையது. நோன்புக்கு இடையிலோ முடிவிலோ ஒரு தளர்வு வேண்டும் என்பது முன்னோர் அறிந்த செய்திதான். ஏகாதசிக்கு மறுநாள் நோன்பை முடித்து உண்ணும் பாரணை உண்டு. கிறிஸ்தவர்களுக்கு விபூதிப் புதன் முதல் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாட்கள் வருகின்றன. அவற்றுள் ஆறு ஞாயிறுகளை நீக்கிவிட்டுத்தான் தவக்காலத்தின் நோன்பை நாற்பது நாள் என்கிறார்கள். அந்த ஞாயிறுகளில் யாரும் தட்டை எடைபோட்டுப் பார்ப்பதில்லை. அதேசமயம், எந்த நாள் தளர்வு நாள் என்பது அங்கே முன்கூட்டியே நாட்காட்டியில் முடிவாகியிருக்கிறது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

எழுதாமல் விடுவதில் உள்ள சிக்கல், மனிதனின் நினைவு தன் பக்கமே சாய்ந்து பேசுவது. 1992-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. நாளொன்றுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகவே உண்பதாகவும் ஆனாலும் எடை இறங்கவில்லை என்றும் சொன்னவர்களின் உண்மையான உட்கொள்ளலை ஆய்வுக்கூட முறைப்படி அளந்தபோது, அவர்கள் சொன்ன கணக்கு சராசரியாக 47 விழுக்காடு குறைவாக இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் சாப்பிட்டதைக் குறித்து வைத்தவர்கள். பொய் சொல்லும் நோக்கமும் அவர்களுக்கு இல்லை. எழுதியே இவ்வளவு தவறுகிறது என்றால், எழுதாதவர் 'ஏதோ கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கும்' என்று சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

இரண்டாவது வழி, ஒன்றுவிடாமல் கலோரியாக எழுதுவது. நானும் இதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன். வடசேரிப் பக்கம் ஒரு திருமணத்தில் பந்தியில் அமர்ந்து, இடது கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு செயலியில் ஒவ்வொரு கறியாகத் தேடத் தொடங்கினேன். எரிசேரியைத் தேடி முடிப்பதற்குள் விளம்புகிறவர் புளிசேரியோடு வந்து நின்றார். புளிசேரிக்கு அளவு போட்டு நிமிர்ந்தபோது அடைப்பிரதமன் என்னும் பாயசம் இலையில் விழுந்து, தலைவாழை இலையின் நடுநரம்பைத் தாண்டி என் மடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து இலையில் இருந்த பெரியம்மா, 'மக்கா, அந்த போனைத் தூரப் போட்டுட்டு முதல்ல பப்படத்தை நொறுக்கி அணை கட்டு' என்றார். அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த பயனுள்ள ஆலோசனை அது ஒன்றுதான்.

இரவில் நினைவிலிருந்து கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சோறு எளிது, வெந்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி, நான்கு முறை வாங்கியதில் 400 கிராமிலிருந்து 500 கிராம் வரை இருந்திருக்கும். இடர்ப்பாடு தேங்காயிலும் எண்ணெயிலும் இருந்தது. துருவிய தேங்காய் 100 கிராமுக்கு 350 கலோரி. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு 120 கலோரி. அவியலில் எவ்வளவு தேங்காய் அரைத்தார்கள், இறக்கும்போது எவ்வளவு பச்சை எண்ணெய் ஊற்றினார்கள், பிரதமனுக்கு முதற்பால் எத்தனை தேங்காயிலிருந்து எடுத்தார்கள் என்பதெல்லாம் சமையற்காரருக்கும் அவருடைய கைக்கும் மட்டுமே தெரியும். குறைந்த மதிப்பை வைத்துக் கூட்டினால் அந்த ஒரு வேளைச் சாப்பாடு 1,700 கலோரி; உயர்ந்த மதிப்பை வைத்தால் 2,700. நடுவில் ஆயிரம் கலோரி இடைவெளி. நான் நாளொன்றுக்குக் குறைக்க முயல்வதே 500 கலோரி என்னும்போது, அதைப்போல் இரு மடங்கு பிழையுள்ள எண்ணை ஓர் இலக்கம்கூட விடாமல் எழுதி வைப்பது துலாக்கோலில் மூட்டையைத் தூக்கிவைத்துவிட்டுக் குன்றிமணியால் எடையைச் சரிபார்ப்பது போன்றது.

இந்த வழி பயன்படும் இடமும் உண்டு. விலக்கு நாள் வீட்டுக்குள்ளேயே கழியும்போது அது நன்றாக வேலை செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாளை மீன்கறியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் நீக்கிய கிழங்கு 300 கிராம் என்றால் ஏறத்தாழ 480 கலோரி. அதை மசிக்கச் சேர்க்கும் தேங்காய்த் துருவல் 40 கிராம் என்றால் 140. மீன்கறிக்கு எண்ணெய் ஊற்றுகிற கை உங்களுடையதோ உங்கள் வீட்டாருடையதோ என்பதால் கரண்டிக் கணக்கு தெரியும். அடுப்படியில் ஒரு சிறு தராசு இருந்தால் பத்து விழுக்காட்டுப் பிழைக்குள் முடித்துவிடலாம். கடையில் பரோட்டா சாப்பிடுவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: எண்ணிக்கை தெரியும், கடைக்குக் கடை மாறும் அளவும் கல்லில் ஊற்றும் எண்ணெயும் தெரியாது.

எண்ணை நம்புவோருக்கு மறுநாள் காலை இன்னொரு பொறி காத்திருக்கிறது. அந்தத் திருமணத்துக்கு மறுநாள் எடைக்கருவி 1.3 கிலோ கூடுதலாகக் காட்டியது. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்படி 1.3 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் என் தேவைக்கு மேல் பத்தாயிரம் கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். பந்தியை இரண்டு முறை சுற்றி வந்திருந்தாலும் அது நடக்காது. நடந்தது வேறு. சோறும் பாயசமும் தந்த மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பப்படமும் ஊறுகாயும் ஏத்தங்காய்ச் சிப்ஸாகிய உப்பேரியும் கொண்டுவந்த உப்பு தன் பங்குக்கு நீரை நிறுத்துகிறது. செரிக்காமல் குடலில் இருப்பதன் எடையும் சேர்கிறது. நான்கு நாளில் அந்த எடையில் பெரும்பகுதி இறங்கிவிட்டது. விலக்கு நாளுக்கு மறுநாள் எடை பார்க்காமல் இருப்பதே நல்லது என்பேன். பார்த்தே தீர வேண்டியவர்கள் ஏழு நாள் சராசரியை மட்டும் பார்க்கட்டும்.

மூன்றாவது வழி, சாப்பிடுவதற்கு முன்பே எழுதிவிடுவது. இரண்டு பரோட்டா, ஒரு தட்டு மாட்டிறைச்சி வறுவல், ஒரு சாயா என்று வீட்டிலேயே குறித்துக்கொண்டு கடைக்குப் போனால், வாசனை மூக்கில் ஏறுவதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டிருக்கும். இதன் பலம் அதுதான். விருந்துக்கு இது பொருந்தாது. நம் ஊர்ப் பந்தியில் என்ன வரும், எத்தனை முறை வரும் என்பதைத் தீர்மானிப்பவர் விருந்தாளி அல்லர். கையால் இலையை மறைத்துப் 'போதும்' என்று சொன்னாலும் விரலிடுக்கு வழியாகப் பாயசம் விழும். திட்டம் முதல் வரிசையிலேயே உடைகிறது. உடைந்ததும் மனம் சொல்வது நமக்கெல்லாம் தெரிந்ததே: முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

இது வெறும் பழமொழி அன்று. 1975-இல் ஹெர்மன், மாக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். சுவைச் சோதனை என்று சொல்லி முதலில் மில்க் ஷேக்கும் பிறகு ஐஸ்கிரீமும் கொடுத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்த அளவுக்கு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவைக் கட்டுப்படுத்தி வாழ்ந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகுதான் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இன்றைய கணக்கு கெட்டுப்போயிற்று என்று ஆனதும் கட்டு முழுவதையும் அவிழ்த்துவிடுகிற இந்த இயல்பு, இறுக்கமாக எழுதுகிறவரிடமே அதிகம் வெளிப்படும் என்பது என் கணிப்பு. முன்கூட்டியே கலோரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் பந்திக்குப் போவதும் இதே வகையில் அடங்கும். அதை நான் இருமுறை செய்தேன். இருமுறையும் உப்பேரியில் தொடங்கி உப்பேரியில் முடிந்தது. இரண்டு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் அவித்த பயறோ சாப்பிட்டுவிட்டுப் போவதே உத்தமம்.

நான்காவது வழியில்தான் இப்போது நிற்கிறேன். அது எண் இல்லாமல் பெயரை மட்டும் எழுதுவது. என் குறிப்பேட்டில் திருவோண நாளின் பக்கம் இப்படி இருக்கிறது: 'மதியம் இலை. அடைப்பிரதமன் இரண்டு முறை, பால் பாயசம் போளியோடு ஒரு முறை. உப்பேரி மூன்று கைப்பிடி. மாலை போளி ஒன்று. இரவு கஞ்சி, துவையல்.' எழுதக் கால் நிமிடம் ஆகவில்லை. கலோரி எதுவும் இல்லை; மிகுதியாக எது போயிற்று என்பது மட்டும் இருக்கிறது. பந்தியில் கைபேசியை எடுக்க வேண்டியதில்லை. படுக்கப்போவதற்கு முன் எழுதினால் போதும். மறுநாள் காலைக்குத் தள்ளிப்போட்டால் உப்பேரி மூன்று கைப்பிடி ஒன்றாகிவிடுகிறது.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. வாரக் கணக்கில் அந்த நாளுக்கு ஓர் எண் இல்லாமல் போகிறது. அதற்கு நான் செய்வது, விருந்து நாள் எதுவானாலும் தேவைக்கு மேல் ஆயிரம் கலோரி என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவது. சில நாள் அது குறைவாகவும் சில நாள் கூடுதலாகவும் இருக்கும். ஆனால் பந்தியில் உட்கார்ந்து பாடுபட்டுப் பெற்ற எண்ணைவிட இது பெரிதாகப் பிழைபட்டுவிடவில்லை.

பெயர்களை எழுதத் தொடங்கி மூன்று மாதம் கழித்துப் பக்கங்களைப் புரட்டியபோதுதான், எந்தச் செயலியும் எனக்குக் காட்டாத இரண்டு செய்திகள் கண்ணில் பட்டன. முதலாவது, விருந்தைவிட விருந்தின் மிச்சம் பெரியது. திருமண வீட்டிலிருந்து வந்த முந்திரிக்கொத்து டப்பா, ஓணத்துக்கு வாங்கிய உப்பேரியும் சர்க்கரைவரட்டியும் ஆகியவை அடுத்தடுத்த நாட்களின் பக்கங்களில் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. செவ்வாய் மாலை சாயாவோடு முந்திரிக்கொத்து இரண்டு. புதன் இரவு உப்பேரி ஒரு கைப்பிடி. முந்திரிக்கொத்து என்பது வறுத்துப் பொடித்த சிறுபயறும் தேங்காயும் வெல்லப்பாகும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கி எண்ணெயில் பொரித்தெடுப்பது. பல நாள் கெடாது. கெடாததே அதன் குற்றம். ஏத்தங்காய்ச் சிப்ஸ் 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. இவை வந்த நாட்களை நான் கட்டுப்பாட்டு நாட்களாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். விலக்கு நாள் ஒன்று என்று நினைத்தது உண்மையில் நான்கு நாள் நீண்டிருக்கிறது. இப்போது டப்பா வந்த அன்றே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாதியைக் கொடுத்துவிடுகிறேன். மீதியை எண்ணி எழுதுகிறேன், ஏனென்றால் முந்திரிக்கொத்து எண்ணத் தக்க பொருள்.

இரண்டாவது செய்தி நாட்களின் எண்ணிக்கை. மாதத்துக்கு நான்கு விலக்கு நாள் என்று மனத்தில் வைத்திருந்தேன். ஓர் ஆவணி மாதத்துப் பக்கங்களை எண்ணியபோது ஒன்பது இருந்தன. முகூர்த்தங்களும் ஓணமும் ஒரே மாதத்தில் வருகிற மாவட்டம் இது. அது முடிந்தால் தீபாவளி, கார்த்திகையில் கொழுக்கட்டை, கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கி கிறிஸ்துமஸ் வரை ஒரு வரிசை, பொங்கல், மாசியில் மண்டைக்காட்டுக் கோயில் கொடை. நடுவில் பெருநாள் பிரியாணி தேங்காய்ப்பட்டினத்து நண்பர் வீட்டிலிருந்து வரும். வாரம் ஒரு நாளை நாமாகத் தேர்ந்தெடுத்து ஒதுக்குவது வெளியூர் வழக்கம். நமக்கு நாட்காட்டியே ஒதுக்கித் தந்துவிடுகிறது, அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமையையும் நாம் சேர்த்துக்கொள்கிறோம். மாதத்தை முப்பது நாளாக வைத்துக் கணக்கைப் பாருங்கள்: ஒன்பது நாள் ஆயிரம் கூடினால் 9,000, மீதி 21 நாள் 400 குறைத்தால் 8,400. ஒரு மாதம் முழுவதும் நாவைக் கட்டிய பிறகு எடை இருந்த இடத்திலேயே இருக்கும். அதே மாதத்தில் விலக்கு நாள் நான்காக இருந்தால் மிச்சம் 6,400 கலோரி. முக்கால் கிலோவுக்கு மேல் இறங்கியிருக்கும். ஒரு விருந்தில் பாயசம் ஒரு முறையா இரண்டு முறையா என்று துல்லியம் பார்ப்பதைவிட, விருந்து நான்கா ஒன்பதா என்று குறிப்பதே எடையைத் தீர்மானிக்கிறது. தவக்கால ஞாயிறுகளைப் பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான்: அங்கே தட்டுக்குக் கணக்கில்லை, நாளுக்குக் கணக்கிருக்கிறது.

எனவே என் தேர்வு இது. விருந்து நாளில் பெயர் மட்டும். வீட்டு விலக்கு நாளில் விரும்பினால் எண்ணோடு. கடைக்குப் போகும் நாளில் முன்கூட்டியே எண்ணிக்கை. எந்த நாளானாலும் தேதியைக் குறிப்பதும், அதற்கடுத்த மூன்று நாளை வழக்கத்தைவிடக் கவனமாக எழுதுவதும் கட்டாயம். ஓரிரு மாதத்தில் இறங்க வேண்டிய எடை இரண்டு மூன்று கிலோதான் என்பவர்களுக்கு இதுகூடத் தேவைப்படாமல் போகலாம். அவர்கள் ஒன்றும் எழுதாமலே சமாளித்துவிடுவார்கள்.

இரு பிரிவினருக்கு மேற்கண்ட ஒப்பீடு பொருந்தாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையை மிகவும் இறக்கக்கூடிய மாத்திரை உட்கொள்பவர்களும், எழுதலாமா வேண்டாமா என்ற விருப்பத்துக்கு இதை விட்டுவிட முடியாது. சோறும் பாயசமும் எவ்வளவு என்பது அவர்களுக்கு மருந்தின் அளவோடு தொடர்புடையது, அதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். காலையில் பட்டினி கிடந்து பந்தியில் ஈடுகட்டுவது அவர்களுக்கு ஆபத்தும்கூட. மற்றொரு பிரிவினர், சாப்பிட்டதை நினைத்து நினைத்துக் குற்ற உணர்ச்சியில் உழல்பவர்கள், மிகுதியாக உண்டுவிட்டு வாந்தி எடுப்பவர்கள், அல்லது அடுத்த இரண்டு நாள் தண்ணீர் மட்டும் குடித்துப் பழிதீர்ப்பவர்கள். இவர்கள் கையில் குறிப்பேட்டையோ செயலியையோ கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். எழுதுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே அவர்களுக்கு முதல் வேலை. வீட்டில் வளரும் பிள்ளைகளின் தட்டையும் நம் கணக்கில் சேர்த்துப் பேசாமல் இருப்பது நல்லது.

வரும் மாதத்துக்கான தேதிகளை அடுப்படி நாட்காட்டியில் நேற்றுத்தான் வட்டமிட்டேன். இரண்டு திருமணம், புதுவீட்டுக்கு ஒரு பால்காய்ப்பு, தேவாலயத்தில் ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை. ஐந்தாவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை எனக்கென்று வட்டமிடப் போனபோது, பால்காய்ப்பு காலையில் தக்கலையிலும் ஒரு திருமண வரவேற்பு அன்று மாலையே மார்த்தாண்டத்திலும் இருப்பது தெரிந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே வட்டமாகப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையை இன்னும் முடிவு செய்யவில்லை. அது சாளை வரத்தைப் பொறுத்தது.